எமுலேட்டரில் செக்மென்ட் டிஸ்கிரிப்டரைக் கையாள்வது: படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

எக்ஸ்86 எமுலேட்டரில் (இன்டெல், ஏஎம்டி பிராசஸரைப் போல நடிக்கும் மென்பொருளில்) செக்மென்ட் சம்பந்தமாக நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தில் முளைத்தவை. செக்மென்ட் என்ற மெமரிப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், யார் தொடலாம் என்று சொல்லும் பதிவுதான் டிஸ்கிரிப்டர். மெமரியில் அட்டவணையாகக் கிடக்கும் டிஸ்கிரிப்டர் வேறு; பிராசஸர் அதைப் படித்துத் தனக்குள் எடுத்து வைத்திருக்கும் பிரதி வேறு. செலக்டரை (அட்டவணையில் எந்த டிஸ்கிரிப்டர் என்று காட்டும் எண்) ரிஜிஸ்டரில் ஏற்றும் அந்த ஒரு நொடியில் மட்டும்தான் அட்டவணைக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் பேச்சு உள்பிரதியோடுதான். இதை விடாமல் பிடித்துக்கொண்டால் கீழே வரும் படிகள் பலவும் தானாகவே புரியும்.

சி மொழியும், புரொடெக்டட் மோட் என்றால் என்ன என்ற அளவுக்கு அறிமுகமும் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். 16 அடிமான எண்களுக்குப் பக்கத்தில் ‘ஹெக்ஸ்’ என்று போட்டிருக்கிறேன். கையால் பிரித்துப் பார்க்க லேசாக இருக்கட்டும் என்று உதாரண எண்களை 0 முதல் 9 வரையான இலக்கங்களிலேயே அமைத்துக்கொண்டேன்.

எதற்கு எமுலேஷன்?

மதுரையில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் கூடி கர்னல் கோடு படிப்பது வழக்கம். திருமங்கலம், மேலூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது: “அண்ணே, இப்ப எல்லா சிபியூலயும் ஹார்டுவேர் விர்ச்சுவலைசேஷன் இருக்கு. அப்புறம் எதுக்கு நாம உக்காந்து இன்ஸ்ட்ரக்ஷனை எமுலேட் பண்ணணும்?”

நியாயமான கேள்விதான். இன்டெல் 2005லும் ஏஎம்டி 2006லும் அந்த வசதியைக் கொண்டுவந்துவிட்டன. ஆனாலும் கெஸ்ட் (விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் இயங்குதளம்) ஒரு சாதனத்தின் மெமரி முகவரியைத் தொட்டால் ஹார்டுவேர் வெளியே வந்து, கெஸ்டுகளை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் கையில் பொறுப்பை ஒப்படைத்துவிடும். அந்த இன்ஸ்ட்ரக்ஷன் எத்தனை பைட், எந்த ரிஜிஸ்டரிலிருந்து எங்கே எழுதுகிறது என்று டீகோட் செய்து முடித்துக் கொடுப்பது மென்பொருளின் வேலை.

இன்னொரு காரணம் பழைய இன்டெல் சில்லுகள். 2010இல் வந்த வெஸ்ட்மியர் தலைமுறைக்கு முன்பு, கெஸ்டை ரியல் மோடில் (பிராசஸர் தொடங்கும் பழைய 16 பிட் நிலை) நேரடியாக ஓட்ட இன்டெல்லில் வழி கிடையாது. ‘அன்ரெஸ்ட்ரிக்டட் கெஸ்ட்’ என்ற வசதி அப்போதுதான் வந்தது. அதற்கு முந்தைய சில்லுகளில் பயாஸ், பூட் லோடர் எல்லாம் எமுலேட்டரின் தயவில்தான் ஓடும். இதை நேரில் பார்ப்பதற்கென்றே டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் பழைய விலைக்கு வாங்கிய கோர் 2 டூயோ பெட்டி ஒன்றை வைத்திருக்கிறோம். அப்படி ஒன்று கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. லினக்ஸ் கர்னலின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மின் இன்டெல் மாட்யூலை ஏற்றும்போது அன்ரெஸ்ட்ரிக்டட் கெஸ்ட் அளவுருவை அணைத்துவிட்டால் புது லேப்டாப்பிலும் அதே கூத்தைப் பார்க்கலாம்.

“என் கெஸ்ட் எல்லாம் 64 பிட் லினக்ஸ்தான், எனக்கு எதுக்கு செக்மென்ட்?” என்று விட்டுவிடவும் முடியாது. ஒரு விசிபியூ (கெஸ்டுக்குக் காட்டும் மெய்நிகர் சிபியூ) சாதன மெமரியைத் தொட்டு வெளியே வந்த இடைவெளியில், இன்னொரு விசிபியூ அந்த இன்ஸ்ட்ரக்ஷன் பைட்டுகளையே மாற்றி எழுதிவிட முடியும். எமுலேட்டர் எடுத்துப் பார்க்கும்போது அங்கே தூர ஜம்ப் (வேறு கோடு செக்மென்ட்டுக்குத் தாவுவது) இருக்கலாம், எஸ்எஸ் (ஸ்டாக் செக்மென்ட்) ரிஜிஸ்டரில் ஏற்றும் மூவ் இருக்கலாம். கெட்ட எண்ணம் உள்ள கெஸ்ட் எதை வேண்டுமானாலும் நம்மிடம் தள்ளிவிடும்.

படி 1: உள்பிரதிக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள்

ஒவ்வொரு செக்மென்ட் ரிஜிஸ்டருக்கும் நான்கு விஷயங்களை வைத்திருங்கள்: 16 பிட் செலக்டர், பேஸ் (தொடங்கும் முகவரி), பைட் கணக்கில் லிமிட் (தொடக்கூடிய கடைசி ஆஃப்செட்), குணங்களைச் சொல்லும் பிட்டுகள். சிஎஸ் (கோடு), டிஎஸ் (டேட்டா), இஎஸ், எஸ்எஸ், எஃப்எஸ், ஜிஎஸ் என்ற ஆறோடு எல்டிடிஆர் (எல்டிடி அட்டவணையைக் காட்டுவது), டிஆர் (டாஸ்க் நிலையைக் காட்டுவது) இரண்டும் சேர்ந்து எட்டு. கெஸ்ட்டின் நிலையை ஹார்டுவேருக்காக மெமரியில் வைக்கும் இன்டெல்லின் விஎம்சிஎஸ், ஏஎம்டியின் விஎம்சிபி இரண்டும் இந்த நான்கையும் அப்படியே வைத்திருக்கின்றன. கியூஎமு என்ற எமுலேட்டரின் செக்மென்ட் கேஷும் இதே அமைப்புதான்.

செலக்டரின் கடைசி இரண்டு பிட் ஆர்பிஎல் (கேட்பவரின் அதிகார நிலை). அடுத்த பிட் எந்த அட்டவணை என்று சொல்லும்: 0 என்றால் ஜிடிடி (பொது அட்டவணை), 1 என்றால் எல்டிடி (தனி அட்டவணை). மீதி 13 பிட் வரிசை எண்.

படி 2: எட்டு பைட்டைப் பிரிப்பது

இப்படி ஒரு டிஸ்கிரிப்டரை எடுத்துக்கொள்வோம். மெமரியில் முதல் பைட்டிலிருந்து வரிசையாக (ஹெக்ஸ்):

99 29 78 56 34 92 40 12

முதல் இரண்டு பைட் லிமிட்டின் கீழ்ப்பகுதி. சின்ன பைட் முதலில் வருவதால் 2999 ஹெக்ஸ். அடுத்த இரண்டும் பேஸின் கீழ்ப்பகுதி, 5678. அதற்கடுத்த 34 பேஸின் நடுப்பகுதி. கடைசி பைட்டான 12 பேஸின் உச்சி. ஆக பேஸ் 12345678 ஹெக்ஸ். இதைப் பலகையில் எழுதிப் பார்த்த ஒரு மாணவி, “என்னண்ணே இது, பேஸ் மூணு துண்டா சிதறிக் கெடக்கு?” என்றாள். 1982இல் வந்த 80286இல் பேஸ் 24 பிட், லிமிட் 16 பிட். கடைசி இரண்டு பைட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டுச் சும்மா கிடந்தன. 1985இல் 80386 வந்து 32 பிட்டுக்குப் போனபோது பழைய நிரல்கள் உடையக் கூடாதே என்று மிச்சத்தை அந்தக் காலி இடத்தில் செருகிவிட்டார்கள்.

ஆறாவது பைட் 92 ஹெக்ஸ். இருமத்தில் 1001 0010. இடமிருந்து: பிரசன்ட் பிட் 1; டிபிஎல் (டிஸ்கிரிப்டரின் அதிகார நிலை) 00; எஸ் பிட் 1, அதாவது சிஸ்டம் டிஸ்கிரிப்டர் அல்ல, சாதாரண கோடு அல்லது டேட்டா; வகை 0010, எழுதக்கூடிய டேட்டா. வகையின் கடைசி பிட்தான் ‘அக்சஸ்டு’. இங்கே அது 0, இதுவரை யாரும் இதை ஏற்றவில்லை.

ஏழாவது பைட் 40 ஹெக்ஸ். மேல் நாலு பிட் 0100: ஜி பிட் 0 (லிமிட் பைட் கணக்கில்), டி/பி பிட் 1 (32 பிட்), எல் பிட் 0 (64 பிட் கோடு அல்ல), ஏவிஎல் 0 (இயங்குதளத்தின் உபயோகத்துக்கு விட்டது). கீழ் நாலு பிட் லிமிட்டின் உச்சி, இங்கே 0.

ஜி பிட் 1 ஆக இருந்தால் லிமிட்டை 12 பிட் இடப்பக்கம் தள்ளி, காலியான 12 இடத்தையும் ஒன்றுகளால் நிரப்ப வேண்டும். பூஜ்யத்தால் நிரப்பினால் கடைசி 4095 பைட் காணாமல் போய்விடும். விஎம்சிஎஸ் எதிர்பார்ப்பது இப்படி விரித்த பைட் கணக்கைத்தான். மறுபடி எட்டு பைட்டாக மடிக்கும்போது, ஜி பிட் இருந்தால் 12 பிட் வலப்பக்கம் தள்ள மறக்காதீர்கள்.

குணங்களைச் சேர்த்து வைக்கும் முறை இரண்டு நிறுவனத்துக்கும் வேறு. இன்டெல்லில் ஆறாவது பைட் கீழ் எட்டு பிட்டிலும், கொடி நாலு பிட் 12 முதல் 15 வரையிலும் உட்காரும். நடுவே நாலு பிட் காலி. நம் உதாரணம் 4092 ஹெக்ஸ் ஆகும். ஏஎம்டியில் இடைவெளி கிடையாது, 492 ஹெக்ஸ். இன்டெல்லில் 16ஆவது பிட் ‘பயன்படாது’ என்ற குறி. ஏஎம்டியில் அப்படி ஒரு பிட்டே கிடையாது. கேவிஎம் அங்கே பிரசன்ட் பிட்டை வைத்து ஒப்பேற்றுகிறது. இந்த வேறுபாட்டை ஞாபகத்தில் வையுங்கள், படி 5இல் தேவைப்படும்.

படி 3: முகவரி கணக்கிடுவது

முதலில் எந்த செக்மென்ட்? பிபி அல்லது எஸ்பி ரிஜிஸ்டரை அடிப்படையாகக் கொண்ட முகவரி என்றால் எஸ்எஸ், மற்றபடி டிஎஸ். முன்னொட்டு பைட் வந்தால் அது சொல்வதுதான்: 26 ஹெக்ஸ் என்றால் இஎஸ், 36 எஸ்எஸ், 64 எஃப்எஸ், 65 ஜிஎஸ் என்று போகும். சரம் நகர்த்தும் இன்ஸ்ட்ரக்ஷன்களில் போய்ச் சேரும் பக்கம் எப்போதும் இஎஸ்தான், எந்த முன்னொட்டாலும் அதை மாற்ற முடியாது. 64 பிட் மோடில் எஃப்எஸ், ஜிஎஸ் தவிர மற்ற நான்கின் முன்னொட்டுக்கும் மதிப்பில்லை.

பிறகு அனுமதி. செக்மென்ட் பயன்படாது என்று குறிக்கப்பட்டிருந்தால் பிழை. எழுதப் போகிறோம் என்றால் அது எழுதக்கூடிய டேட்டாவாக இருக்க வேண்டும். புரொடெக்டட் மோடில் கோடு செக்மென்ட்டில் எழுத முடியாது. படிப்பதற்கும் கோடு செக்மென்ட்டில் படிக்கும் பிட் தேவை.

அப்புறம் லிமிட். பார்க்க வேண்டியது தொடங்கும் இடத்தை அல்ல, தொடும் கடைசி பைட்டை. நம் லிமிட் 2999 ஹெக்ஸ் என்றால் நாலு பைட் படிக்க 2996 வரை தொடங்கலாம். 2997 என்றால் பிழை. இந்தக் கூட்டலை 32 பிட் மாறியில் செய்யாதீர்கள். உச்சியில் இருக்கும் ஆஃப்செட் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்து சோதனையில் தேறிவிடும். 64 பிட் மாறியில் கூட்டினால் தலைவலி இல்லை.

வகை பிட்டுகளில் ‘கீழ்நோக்கி வளரும்’ பிட் இருந்தால் கணக்கு தலைகீழ். ஆறாவது பைட் 96 ஹெக்ஸ் என்றால் அப்படி. அப்போது 0 முதல் 2999 வரை தொடக் கூடாது. அதற்கு அடுத்ததிலிருந்து உச்சி வரைதான் செல்லும். உச்சி எது என்பதை பி பிட் சொல்லும்: 1 என்றால் 4 கிகாபைட், 0 என்றால் 64 கிலோபைட். இன்று எந்த இயங்குதளமும் இதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை என்று விட்டுவிடத் தோன்றும். விட்டுவிட்டால் அதைச் சோதித்துப் பார்க்கும் கெஸ்ட்டிடம் மாட்டிக்கொள்வோம்.

எல்லாம் தேறினால் பேஸோடு ஆஃப்செட்டைக் கூட்டுங்கள். ஆஃப்செட் 2221 என்றால் 12345678 உடன் சேர்ந்து 12347899 ஹெக்ஸ். 64 பிட் மோட் இல்லையென்றால் விடையை 32 பிட்டாக வெட்டுங்கள். 64 பிட் மோடில் லிமிட் சோதனை கிடையாது, எஃப்எஸ், ஜிஎஸ் தவிர மற்றவற்றின் பேஸ் பூஜ்யம். அதற்குப் பதிலாக முகவரி ‘கனானிக்கல்’ ஆக இருக்கிறதா, அதாவது 0 முதல் எண்ணினால் 48ஆவது பிட்டும் அதற்கு மேலுள்ளவையும் 47ஆவது பிட்டின் நகலா என்று பாருங்கள். ஐந்தடுக்குப் பேஜிங் இருந்தால் அந்த எல்லை 57.

தேறாவிட்டால் எந்தப் பிழை? எஸ்எஸ் வழியாகப் போனது என்றால் ஸ்டாக் பிழை, மற்றவற்றுக்கு பொதுப் பாதுகாப்புப் பிழை. இரண்டிலும் பிழைக் குறியீடு 0.

படி 4: செலக்டரை ஏற்றுவது

இதுதான் கனமான பகுதி. மோடைப் பொறுத்து மூன்றாகப் பிரிகிறது.

ரியல் மோடில் செலக்டரை நாலு பிட் இடப்பக்கம் தள்ளினால் பேஸ். அவ்வளவுதான், லிமிட்டைத் தொடாதீர்கள். ‘64 கிலோபைட்தானே’ என்று லிமிட்டை அங்கே மாற்றி எழுதினால் அன்ரியல் மோடை நம்பிய பூட் லோடர்கள் விழுந்துவிடும். அவை ஒரு நிமிடம் புரொடெக்டட் மோடுக்குப் போய் 4 கிகாபைட் லிமிட்டை ஏற்றிக்கொண்டு ரியல் மோடுக்குத் திரும்பும். உள்பிரதியில் அந்தப் பெரிய லிமிட் அப்படியே நிற்கும். ஆரம்பத்தில் சொன்ன ‘உள்பிரதி வேறு’ என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஆனால் விஎம்86 மோடில் (புரொடெக்டட் மோடுக்குள் பழைய 16 பிட் நிரலை ஓட்டும் நிலை) நேர்மாறு: ஒவ்வொரு ஏற்றத்துக்கும் லிமிட் 65535, டிபிஎல் 3, எழுதக்கூடிய டேட்டா என்று எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும்.

புரொடெக்டட் மோடில் முதல் கேள்வி, நல் (வெற்று) செலக்டரா? 0, 1, 2, 3 நான்குமே நல்தான், ஆர்பிஎல் பிட்டுகளுக்கு அங்கே மதிப்பில்லை. ஆனால் 4 நல் அல்ல! அது எல்டிடியின் முதல் வரிசை, முறையான செலக்டர். டிஎஸ், இஎஸ், எஃப்எஸ், ஜிஎஸ் நான்கிலும் நல்லை ஏற்றலாம். பிழை அதைப் பயன்படுத்தும்போதுதான் வரும். சிஎஸ், டிஆர் இரண்டிலும் ஏற்றவே கூடாது. எஸ்எஸ்ஸுக்குத் தனிக் கதை உண்டு, பிறகு பார்ப்போம்.

அடுத்து, அட்டவணைக்குள் அந்த வரிசை அடங்குகிறதா? வரிசை எண்ணை எட்டால் பெருக்கி ஏழு கூட்டினால் வருவது அட்டவணையின் லிமிட்டைத் தாண்டினால் பொதுப் பாதுகாப்புப் பிழை. இங்கே பிழைக் குறியீடு 0 அல்ல. கடைசி இரண்டு பிட்டையும் அழித்த செலக்டர்.

டிஸ்கிரிப்டரைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம். யூசர் நிரல் ஒரு செலக்டரை ஏற்றினாலும், ஜிடிடியைப் படிப்பது பிராசஸர் தன் சொந்த அதிகாரத்தில். எனவே கெஸ்ட்டின் பேஜ் டேபிள்கள் வழியாக முகவரியைத் தேடும்போது சூப்பர்வைசர் அனுமதியோடு படியுங்கள். அந்தச் சலுகையை வேறெங்கும் நீட்டிவிடாதீர்கள். ஜிடிடி இருக்கும் இடத்தை மெமரியில் எழுதும் இன்ஸ்ட்ரக்ஷன் உள்ளிட்ட சிலவற்றுக்கும் கேவிஎம் இதே உயர் அனுமதியைக் கொடுத்துவிட்டது. கெஸ்ட்டுக்குள் சாதாரண யூசர் நிரல் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ள அது வழிவிட்டது. சிவிஇ-2018-10853 என்ற பாதுகாப்பு ஓட்டை எண்ணில் பதிவாகி, லினக்ஸ் 4.18இல் அடைக்கப்பட்டது.

இனி அதிகாரச் சோதனை. மதுரைக்காரர்களுக்கு ரிங் (0 முதல் 3 வரை அதிகார நிலை, 0தான் உச்சம்) என்றால் விளக்கவே வேண்டாம்: கோயிலுக்குள் ஆடி வீதி 0, சித்திரை வீதி 1, ஆவணி மூல வீதி 2, மாசி வீதி 3. சிபிஎல் என்பது இப்போது நீங்கள் நிற்கும் வீதி. டிபிஎல் என்பது அந்தப் பொருள் எந்த வீதி வரை கிடைக்கும் என்ற வரம்பு. ஆர்பிஎல் யார் பெயரில் கேட்கிறோம் என்பது. மாசி வீதிக்காரர் கொடுத்தனுப்பிய சீட்டை ஆடி வீதியில் நிற்பவர் நீட்டினாலும் அது மாசி வீதிக்காரர் கேட்டதாகத்தான் கணக்கு.

ஒவ்வொரு ரிஜிஸ்டருக்கும் விதி வேறு.

- எஸ்எஸ்: எழுதக்கூடிய டேட்டாவாக இருக்க வேண்டும். ஆர்பிஎல், டிபிஎல் இரண்டும் சிபிஎல்லுக்குச் சமமாக இருக்க வேண்டும். தளர்வே கிடையாது.
- சிஎஸ் (தூர ஜம்ப்): கோடு வகைதான். கன்ஃபார்மிங் (அழைப்பவரின் அதிகாரத்திலேயே ஓடும் கோடு) என்றால் டிபிஎல் சிபிஎல்லைத் தாண்டக் கூடாது. இல்லையென்றால் டிபிஎல் சிபிஎல்லுக்குச் சமம், ஆர்பிஎல் சிபிஎல்லைத் தாண்டக் கூடாது. லாங் மோடில் (64 பிட்டை இயக்கிய நிலை) எல், டி இரண்டு பிட்டும் சேர்ந்து 1 ஆக இருந்தால் பிழை. ஏற்றி முடிந்ததும் செலக்டரின் ஆர்பிஎல் இடத்தில் சிபிஎல்லை எழுதுங்கள்.
- டிஎஸ், இஎஸ், எஃப்எஸ், ஜிஎஸ்: டேட்டா, அல்லது படிக்கக்கூடிய கோடு. கன்ஃபார்மிங் கோடு தவிர மற்றவற்றுக்கு சிபிஎல், ஆர்பிஎல் எதுவும் டிபிஎல்லைத் தாண்டக் கூடாது.
- எல்டிடிஆர், டிஆர்: ஜிடிடியிலிருந்து மட்டும். எல்டிடிக்கு வகை 2. டிஎஸ்எஸ்ஸுக்கு (டாஸ்க் நிலையை வைக்கும் செக்மென்ட்) 1 அல்லது 9, அதாவது பிஸி இல்லாதது.

பிரசன்ட் பிட்டை இவற்றுக்கெல்லாம் பிறகு பாருங்கள். வரிசையை மாற்றினால் கெஸ்ட்டுக்குத் தப்பான பிழை போகும். பிரசன்ட் இல்லையென்றால் எஸ்எஸ்ஸுக்கு ஸ்டாக் பிழை, மற்றவற்றுக்கு ‘செக்மென்ட் இல்லை’ என்ற பிழை.

தேறியபின் அக்சஸ்டு பிட்டை மெமரியில் இருக்கும் டிஸ்கிரிப்டரிலேயே 1 ஆக்க வேண்டும். நம் 92 இப்போது 93 ஆகும், உள்பிரதியிலும்தான்: இன்டெல்லுக்கு 4093, ஏஎம்டிக்கு 493. ஏற்கெனவே 1 ஆக இருந்தால் எழுதவே எழுதாதீர்கள். அந்த பிட்டை முன்கூட்டியே ஏற்றிவிட்டு ஜிடிடி பக்கத்தைப் படிக்க-மட்டும் ஆக்கி வைக்கும் கர்னல்கள் உண்டு. அங்கே வீணாக எழுதப் போனால் கெஸ்ட்டுக்குக் காரணமே இல்லாமல் பேஜ் ஃபால்ட் வரும்.

லாங் மோடில் டிஎஸ்எஸ், எல்டிடி டிஸ்கிரிப்டர்கள் 16 பைட். இரண்டாவது எட்டு பைட்டில் பேஸின் மேல் 32 பிட் இருக்கும். அது கனானிக்கலா என்று பார்த்த பிறகே டிஎஸ்எஸ்ஸின் பிஸி பிட்டை ஏற்றுங்கள், அதுவும் அணுவளவில் பிரியாத ஒப்பிட்டு-மாற்றும் இன்ஸ்ட்ரக்ஷனால். பிஸியை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு பிழை கொடுக்கும் தவறு கேவிஎம்மிலேயே இருந்து 2022இல்தான் திருத்தப்பட்டது.

படி 5: எஸ்எஸ்ஸில் நல்

64 பிட் மோடில், சிபிஎல் 3க்குக் கீழே இருந்து ஆர்பிஎல்லும் அதற்குச் சமமாக இருந்தால் எஸ்எஸ்ஸில் நல்லை ஏற்றலாம். சிபிஎல் 3இல் கூடாது. இதில் தவறுவது ஏன் ஆபத்து? கெஸ்ட் எந்த ரிங்கில் இருக்கிறது என்பதை இன்டெல் தனியாக வைப்பதில்லை, எஸ்எஸ்ஸின் டிபிஎல்தான் சிபிஎல். ஏஎம்டியில் விஎம்சிபிக்குள் சிபிஎல்லுக்குத் தனி இடம் உண்டு; ஆனால் கேவிஎம் அதை நிரப்புவது எஸ்எஸ்ஸின் டிபிஎல்லிலிருந்து.

இப்போது யோசியுங்கள். யூசர் நிரல் எஸ்எஸ்ஸில் நல்லை ஏற்றுகிறது, எமுலேட்டர் விட்டுவிடுகிறது, நல் என்பதால் உள்பிரதியை முழுக்கப் பூஜ்யமாக்குகிறது. டிபிஎல்லும் பூஜ்யம். இன்டெல்லில் விஎம் என்ட்ரி (கெஸ்ட்டுக்குள் திரும்பப் போவது) தோற்று கெஸ்ட் செத்துப்போகும். ஏஎம்டியில் அதைவிட மோசம்: சிபிஎல் 0 ஆகிவிடும், யூசர் நிரல் கெஸ்ட் கர்னலின் அதிகாரத்தில் நிற்கும். இதுதான் சிவிஇ-2017-2583, லினக்ஸ் 4.9.5இல் சரிசெய்யப்பட்டது.

திருத்தம் இரண்டு வரி யோசனை. விதியைச் சரியாகச் சோதி. அனுமதித்தாலும் உள்பிரதியைப் பூஜ்யமாக்காதே. எழுதக்கூடிய டேட்டா, பிரசன்ட், டிபிஎல் இடத்தில் சிபிஎல் என்று ஒரு போலி டிஸ்கிரிப்டரைத் தயாரித்துக் கொடு. டிஎஸ்ஸுக்கு எழுதிய நல் கையாளும் கோடை எஸ்எஸ்ஸுக்கும் நகலெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

படி 6: தூர ஜம்ப், தூர ரிட்டர்ன்

சிஎஸ் மாறுகிறது, கூடவே ஐபியும் (அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி) மாறுகிறது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. சிஎஸ்ஸை ஏற்றியபின் புது ஐபி லிமிட்டுக்கு வெளியே இருந்தால்? கனானிக்கல் இல்லாமல் இருந்தால்? பழைய கேவிஎம்மில் இந்தச் சோதனை சரியாக நடக்காததால் சிவிஇ-2014-3647 வந்தது. அதைத் திருத்தும்போது, ஐபி தேறாவிட்டால் பழைய சிஎஸ்ஸைத் திரும்ப வைக்கும் கோடைச் சேர்த்தார்கள். ஆனால் பழைய சிஎஸ்ஸைச் சேமித்தது லாங் மோடில் மட்டும். மற்ற மோடில் தோற்றால், ஒன்றும் நிரப்பாத மாறியிலிருந்து ஹோஸ்ட் கர்னலின் ஸ்டாக்கில் கிடந்த குப்பை கெஸ்ட்டின் சிஎஸ்ஸுக்குள் போனது. அது சிவிஇ-2016-9756.

என் பரிந்துரை: புது டிஸ்கிரிப்டரை ஒரு தற்காலிக மாறியில் வைத்து, அதன் லிமிட்டையும் எல் பிட்டையும் கொண்டே ஐபியைச் சோதித்து, எல்லாம் தேறிய பிறகு ஒரே இடத்தில் எழுதுங்கள். திரும்ப வைக்கும் கோடே தேவைப்படாது. அக்சஸ்டு பிட் மட்டும் மெமரியில் முன்பே ஏறியிருக்கலாம், அதனால் கேடில்லை.

படி 7: ஹார்டுவேரிடம் திருப்பிக் கொடுப்பது

எமுலேட் செய்து முடித்தபின் உள்பிரதிகளை விஎம்சிஎஸ்ஸில் எழுதினால் இன்டெல் அவற்றை மறுபடி சோதிக்கும். லிமிட்டின் கீழ் 12 பிட்டில் ஏதாவது 0 இருந்தால் ஜி பிட் 0 ஆக இருக்க வேண்டும். மேல் 12 பிட்டில் ஏதாவது 1 இருந்தால் ஜி பிட் 1 ஆக இருக்க வேண்டும். படி 2இல் விரிப்பதில் தவறினால் இங்கேதான் பிடிபடும்.

ரியல் மோடிலிருந்து புரொடெக்டட் மோடுக்குத் தாவும் அந்தச் சில இன்ஸ்ட்ரக்ஷன்கள் இன்னும் தொல்லை. மோட் மாறிவிட்டது, ரிஜிஸ்டர்களில் பழைய ரியல் மோட் மதிப்புகள் நிற்கின்றன. அந்தச் செலக்டர்களின் கடைசி இரண்டு பிட் எதுவாகவும் இருக்கலாம், எஸ்எஸ்ஸின் ஆர்பிஎல் சிஎஸ்ஸினுடையதோடு ஒத்துப்போகாது. அசல் பிராசஸர் இதைக் கண்டுகொள்ளாது. அன்ரெஸ்ட்ரிக்டட் கெஸ்ட் இல்லாத விஎம் என்ட்ரி ஒத்துக்கொள்ளாது. எல்லாச் செக்மென்ட்டும் செல்லுபடியாகும் நிலைக்கு வரும்வரை எமுலேட்டரே ஓட்டிக்கொண்டு போவதுதான் கேவிஎம்மின் வழி. மதிப்புகளைத் ‘திருத்தி’ உள்ளே அனுப்பலாம் என்று ஆசைப்படாதீர்கள். கெஸ்ட் அந்தச் செலக்டரைப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

படி 8: சோதிப்பது

கேவிஎம் யூனிட் டெஸ்ட் தொகுப்பில் எமுலேட்டருக்கு, ரியல் மோடுக்கு, டாஸ்க் ஸ்விட்சுக்கு என்று தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. கேவிஎம்மில் ‘ஃபோர்ஸ் எமுலேஷன் பிரிஃபிக்ஸ்’ அளவுருவை இயக்கிவிட்டால், செல்லாத இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்றைப் போட்டு அதன் பின்னால் கேவிஎம் என்ற மூன்று எழுத்தின் ஆஸ்கி பைட்டுகளை வைத்து, அடுத்து வருவதைக் கட்டாயம் எமுலேட்டர் வழியாக ஓடச் செய்யலாம். ஒரே இன்ஸ்ட்ரக்ஷனை ஒருமுறை நேரடியாகவும் ஒருமுறை இப்படியும் ஓட்டி, வந்த பிழை எண், பிழைக் குறியீடு, ரிஜிஸ்டர்கள், ஜிடிடியில் அந்த எட்டு பைட் நான்கையும் ஒப்பிடுங்கள்.

எங்கள் பட்டியலில் முதலில் ஓடுபவை: செலக்டர் 3, செலக்டர் 4, லிமிட்டின் கடைசி பைட்டில் ஒரு பைட் படிப்பு, அதே இடத்தில் இரண்டு பைட் படிப்பு, கீழ்நோக்கி வளரும் செக்மென்ட்டில் லிமிட்டும் அதற்கு அடுத்ததும், பிரசன்ட் இல்லாததோடு டிபிஎல்லும் தவறான டிஸ்கிரிப்டர், படிக்க-மட்டும் பக்கத்தில் இருக்கும் ஜிடிடி. ஜிடிடியில் வரிசையை ஏற்றியபின் அதை மாற்றி எழுதி, மறுபடி ஏற்றாமல் பழைய பேஸே வேலை செய்கிறதா என்ற சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.